சீப்பின் அகலமான பக்கம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் களைப்புதான். ஆனால் அந்தக் களைப்புக்கும் ஒரு வரிசை உண்டு.

முதல் இடம் அம்மாவுக்கு. அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவை அறையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. இரண்டாம் இடம் அப்பாவுக்கு. அவர் லாரி ஓட்டுகிறார். வாரம் பூராவும் சாலையில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மூன்றாம் இடம் எனக்கு. நான் ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறேன். ஆனால் பள்ளி விட்டு வந்ததும் தங்கையைப் பார்த்துக்கொள்வது நான்தான். அது லேசுப்பட்ட வேலை என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு சாயங்காலம் அவளை வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

களைப்பே தெரியாத ஒரே ஆள் அந்தத் தங்கை. அவளைப் பொடிசு என்று கூப்பிடுவோம். ஆள்தான் பொடிசு. குரல் அப்படி இல்லை.

அந்தக் குரலைத் தெருவே கேட்பது காலை நேரத்தில். அம்மா சீப்பைக் கையில் எடுத்ததும் அது கிளம்பும்.

பொடிசுக்கு அப்பாவின் முடி. சுருள் சுருளாக இருக்கும். ஆனால் அப்பாவுடையது போலத் தடிமனாக இருக்காது, பஞ்சை இழுத்தது போல மெல்லிசாக இருக்கும். இரவு படுத்துப் புரண்டு எழுந்தால் பின்கழுத்துப் பக்கம் எல்லாம் ஒன்றோடு ஒன்று சிக்கி, ஒரு பொட்டலம் போல ஆகியிருக்கும். அம்மா அவசரத்தில் உச்சியில் சீப்பை வைத்துக் கீழே இழுப்பாள். சீப்பு பாதி வழியில் நின்றுவிடும். அம்மா இன்னும் வேகமாக இழுப்பாள்.

"ஆஆஆ! அம்மா! வலிக்குது! விடு!"

"ஆடாம நில்லுடி! நீ ஆடுறதாலதான் வலிக்குது!"

"நீ இழுக்கறதாலதான் ஆடுறேன்!"

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். நான் நடுவில் நின்று ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

மாடிவீட்டு மாமா படியில் இறங்கும்போது எட்டிப் பார்ப்பார். "என்ன, இன்னைக்கும் ஊசி போட்டாச்சா?" என்று கேட்பார். அவர் தமாஷாகத்தான் கேட்பார். அம்மாவுக்குச் சிரிக்க நேரம் இருக்காது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிட்டார். இனிமே லேட்டா வந்தா ராத்திரி ஷிப்டுக்கு மாத்திடுவாராம்."

"ராத்திரி நீ இல்லாம நாங்க எப்படிம்மா இருப்போம்?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் தெரியல." அம்மா பொடிசின் தலையைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில முடிவெட்டற கடைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். ஒட்ட வெட்டிடலாம். சீப்பும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்."

அம்மா கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோபம் மறுநாள் போய்விடும். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். அப்படிச் சொன்னால் அது மாறாது.

பொடிசு நேராகப் போய் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். நானும் குனிந்து உள்ளே போனேன்.

"என்னடி?"

"அப்பா வந்தா எதை இழுப்பார்?" என்றாள். கண் நிறைந்திருந்தது.

எனக்குப் புரிந்தது. அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்ததும் முதல் வேலையாகப் பொடிசின் நெற்றிச் சுருள் ஒன்றைப் பிடித்து மூக்கு வரைக்கும் இழுப்பார். பிறகு விட்டுவிடுவார். அது துள்ளிக்கொண்டு மேலே போகும். பொடிசு ஊரே கேட்கும்படி "டொய்ங்!" என்று கத்துவாள். அதற்கு அப்புறம்தான் அப்பா வீட்டுக்குள்ளேயே வருவார். வாரம் முழுக்க அவள் காத்திருப்பது அந்த ஒரு டொய்ங்குக்காகத்தான்.

"அழாதே. நான் ஏதாவது பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். என்ன பண்ணப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் நானே சீப்பை எடுத்தேன். அம்மாவுக்கு அவசரம். எனக்கு அவசரம் இல்லை. மெதுவாக இழுத்தால் வராதா என்ன என்று நினைத்தேன்.

வரவில்லை. உச்சியிலிருந்து மெதுவாக இழுத்தால் மெதுவாக வலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பொடிசு பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு எழுந்து ஓடிவிட்டாள். சீப்பும் அவளோடு போய்விட்டது. பின்கழுத்துச் சிக்கில் மாட்டிக்கொண்டு அங்கேயே தொங்கியது.

தலையில் சீப்பு தொங்கத் தொங்க அவள் தெருமுனைக் கடை வரைக்கும் ஓடினாள். கடைக்காரர், "பாப்பா, சீப்பு விக்கிறியா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது பொடிசு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கடைசியில் அம்மா வந்துதான் சீப்பை விடுவித்தாள். அதில் இரண்டு பல் போயிருந்தது.

சனிக்கிழமை காலை அம்மா பொடிசின் முடியைச் சீவவே இல்லை. அப்படியே அள்ளி ஒரு ரப்பர் பேண்ட் போட்டாள்.

"விடு. நாளைக்கு எப்படியும் வெட்டத்தானே போறோம்."

அம்மா போன பிறகு பார்த்தால் அவளுடைய சாப்பாட்டு டப்பா மேஜை மேலேயே இருந்தது. எங்களுக்குப் பள்ளி விடுமுறை. பொடிசையும் டப்பாவையும் இழுத்துக்கொண்டு ஹோட்டலுக்கு நடந்தேன்.

சலவை அறைக்குப் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். காவல்காரர் எங்களைத் தெரிந்தவர், உள்ளே விட்டார். கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. சோப்பு வாசனை. வட்டக் கண்ணாடி வைத்த மெஷின்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும்.

அம்மா தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு ஒரு நீள மேஜை முன்னால் நின்றாள். பக்கத்தில் தோள் அகலமான ஒரு புது அண்ணன். மெஷினிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு, என் இடுப்பளவு தடிமனில் ஒரு கயிறு போலக் கிடந்தன. அந்த அண்ணன் நடுவில் ஒரு விரிப்பைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். முறுக்கு இன்னும் இறுகியது.

"தம்பி, விடுங்க விடுங்க" என்றாள் அம்மா. "இழுக்கக் கூடாது. இழுத்தா இன்னும் இறுகும். கிழிஞ்சும் போயிடும்."

"பின்ன எப்படிக்கா?"

"முனையைத் தேடுங்க. கீழ இருக்கிற முனையை முதல்ல விடுவிச்சா மேல இருக்கிறது தானா வழி விடும். இப்படி... விரலை நல்லா விரிச்சு வச்சுக்குங்க. ஈரமா இருக்கும்போதே பிரிச்சிடணும். காஞ்சுபோச்சுன்னா பிடிவாதம் பிடிக்கும்."

அம்மா விரல்களை விரித்து, கீழ் முனையை எடுத்து மெல்ல உதறினாள். ஒரு கையால் முறுக்கை மேலே பிடித்துக்கொண்டு மறு கையால் கீழே பிரித்தாள். ஒவ்வொரு விரிப்பாகக் கழன்று வந்தது. கத்திப் பேசினாலும் அவள் குரலில் அவசரமே இல்லை.

நான் டப்பாவை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். இது யார்? காலையில் சீப்போடு நிற்கிற அம்மாவா?

அம்மாவோடு வேலை செய்யும் ஒரு அக்கா, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தவர், மெஷினில் ஏதோ நீலத் திரவத்தை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது எதுக்கு?" என்று கத்தினேன்.

"துணி வழவழன்னு இருக்கும்! ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது!"

எனக்கு மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. "ஒரு மூடி குடுங்கக்கா! தலையில தடவணும்!"

பூட்ஸ் அக்கா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பொடிசின் தலையைப் பார்த்தார்.

"ஐயையோ! இது துணிக்குப் போடறதும்மா. தலையில பட்டா எரியும், கண்ணுல பட்டா அவ்வளவுதான். தலைக்குன்னா கண்டிஷனர் போதுமே."

"வீட்ல தீந்துபோச்சுக்கா. பாட்டில் காலி."

"காலி பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்கிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. யாரும் பார்த்ததில்லை.

டப்பாவை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டு மறுபடி மேஜைக்குத் திரும்பினாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. செய்து காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். செய்ய முடியாவிட்டால் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறை அலமாரியில் கவிழ்ந்து கிடந்த கண்டிஷனர் பாட்டிலை எடுத்தேன். தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். பால் போல வெள்ளையாக வந்தது. இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பீச்சு பாட்டில் ஒன்று இருக்கிறது. அதை நன்றாகக் கழுவிவிட்டு இதை அதில் ஊற்றினேன். துணி உலர்த்தும் கிளிப்புகளை ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டேன்.

பிறகு சீப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் சீப்பில் ஒரு பாதி நெருக்கமான பல், மறுபாதி அகலமான பல். நாங்கள் எப்போதும் நெருக்கமான பாதியால்தான் சீவுவோம். அதில்தான் பல் போயிருந்தது. அகலமான பாதியை யாரும் தொட்டதே இல்லை, வாங்கிய அன்று போல இருந்தது. அம்மா விரித்து வைத்த விரல்கள் ஞாபகம் வந்தன.

சாமான் எல்லாம் தயார். ஆனால் தலை இல்லை. அது மேஜைக்கு அடியில் இருந்தது.

"வர மாட்டேன்! நீயும் இழுப்பே!"

"இழுக்க மாட்டேன். வலிச்சா 'நிறுத்து'ன்னு சொல்லு. உடனே நிறுத்திடுவேன்."

"பொய்."

"நிஜமா."

பொடிசு வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அவள் தலையில் கை வைக்கும் முன்பே, "நிறுத்து!" என்றாள்.

நிறுத்தினேன்.

"நிறுத்து!" என்றாள் மறுபடி. நான் எதையுமே செய்யவில்லை, ஆனாலும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அந்த விளையாட்டை விளையாடினாள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஆனால் நான் ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது. தோளைத் தளர்த்தி உட்கார்ந்தாள்.

முடியை நன்றாக நனைத்தேன். வெள்ளைத் தண்ணீரைப் பீச்சினேன். பகுதி பகுதியாகப் பிரித்துத் துணிக் கிளிப் போட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான் கொடியில காயறேன்!" என்று பொடிசு சிரித்தாள்.

ஒரு பகுதியை மட்டும் கையில் எடுத்தேன். சிக்குக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் நான் இழுப்பது அவள் மண்டைக்குத் தெரியாது. முதலில் விரலால் முனையைப் பிரித்தேன். பிறகு சீப்பின் அகலமான பக்கத்தை வைத்தேன். முனை விட்டது. கொஞ்சம் மேலே போனேன். அதுவும் விட்டது.

"ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டாள் பொடிசு.

"பாதி முடிஞ்சிடுச்சு."

பாதி என்று சொன்னது பெருமைக்கு. இன்னும் நிறைய இருந்தது. எனக்குத் தோள் கடுத்தது. வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்குப் போய், சுவரிலிருந்தும் இறங்கிப் போய்விட்டது. பொடிசு உட்கார்ந்தபடியே தூங்கி, என் வயிற்றில் சாய்ந்துகொண்டாள். எனக்கும் அப்படியே அவள் மேல் சாய்ந்து தூங்கிவிடலாம் போலத்தான் இருந்தது.

கடைசியாகப் பின்கழுத்துப் பொட்டலம். சீப்பு மாட்டிய இடம் அதுதான். விரல் நுனிகூட உள்ளே போகவில்லை. கை எட்டும் அலமாரியில் கத்தரிக்கோல் இருந்தது. அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் நறுக்கினால் என்ன, யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. கத்தரிக்கோலை எடுக்கக்கூடச் செய்தேன். பிறகு திரும்ப வைத்துவிட்டேன். தூங்குகிறவள் "நிறுத்து" என்று சொல்ல முடியாதே.

பீச்சு பாட்டிலில் மிச்சம் இருந்ததை எல்லாம் அதன் மேல் பீச்சிவிட்டுச் சற்று ஊற விட்டேன். பிறகு கீழே தொங்கிய ஒரே ஒரு சின்ன இழையைப் பிடித்தேன். அது வந்தது. அடுத்தது வந்தது. பொட்டலம் எலுமிச்சம்பழம் அளவு ஆனது, பட்டாணி அளவு ஆனது, பிறகு இல்லாமலே போனது.

"வந்துடுச்சு!" என்று நான் கத்தியதில் பொடிசு எழுந்துவிட்டாள்.

துண்டு போட்டுத் தேய்த்தால் மறுபடி சிக்கும் என்று பயமாக இருந்தது. அப்பாவின் பழைய பனியன் மெத்தென்று இருக்கும். அதால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். கொஞ்சம் உலர்ந்ததும் தளர்வாக ஒரு பின்னல் போட்டேன்.

அம்மா வந்தபோது கூடவே மாடிவீட்டு மாமாவும் வாசல் வரை வந்தார்.

"இன்னைக்கு உங்க வீட்ல சத்தமே இல்லையே. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தலை சீவிக்கிட்டேன்!" என்றாள் பொடிசு. மாமா நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே மாடி ஏறினார்.

அம்மா பின்னலை அவிழ்த்து விரல்களை உள்ளே விட்டாள். விரல்கள் கழுத்து வரை தடையில்லாமல் போயின. மறுபடி ஒரு தடவை விட்டுப் பார்த்தாள்.

"கத்தவே இல்லையா?"

"தூங்கிட்டா. ஈரத்துலயே பிரிச்சேன்மா. முனையிலிருந்து."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீதான். அந்தப் புது அண்ணனுக்குச் சொன்னியே."

அம்மா என்னையே பார்த்தாள். பொடிசைத் தன் மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஊர்ப்பட்ட விரிப்புக்கெல்லாம் அவ்வளவு பொறுமையா இருக்கேன்" என்றாள். "பெத்த பொண்ணு தலைக்கு வரும்போது ஒண்ணுமே மிச்சம் இருக்கிறதில்லடி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அது களைப்பும்மா" என்றேன்.

"களைப்புதான்" என்றாள் அம்மா. "சரி, காலையில பாக்கலாம். தூங்கி எழுந்ததும் எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் முடிவு."

ஞாயிற்றுக்கிழமை காலை பொடிசு விடிந்ததுமே ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா பின்னலை அவிழ்த்தாள். வெறும் தண்ணீரைப் பீச்சினாள். சீப்பை எடுத்தவள், ஒரு நொடி நின்று, அதைத் திருப்பிப் பிடித்தாள். அகலமான பக்கம்.

"வலிச்சா நிறுத்துன்னு சொல்லணும். சரியா?" என்றாள் அம்மா.

பொடிசு சொல்லவில்லை. டம்ளரில் வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சுருள் எல்லாம் தனித்தனியாகத் துள்ளிக்கொண்டு நின்றது.

"முடிவெட்டற கடை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதுக்கு யாரு நடப்பா? எனக்கு இன்னைக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு" என்றாள் அம்மா. "இன்னையிலிருந்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பின்னல் போட்டுடலாம். காலையில நானும் நேரத்துக்குக் கிளம்பிடுவேன்."

பொடிசு ஸ்டூலை விட்டு இறங்கினாள். "இப்ப நீ உக்காரு."

"நான் எதுக்குடி?"

"உன் தலையும் சிக்குதான்."

அது உண்மை. வலைத்தொப்பிக்குள் கொண்டையாகவே இருந்து இருந்து அம்மாவின் முடி எப்போது அவிழ்ந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டாள். பொடிசு ஸ்டூல் மேல் ஏறி நின்று, தண்ணீரைப் பீச்சி, முனையில் சீப்பை வைத்தாள். பாதித் தண்ணீர் தரையில்தான் விழுந்தது.

"வலிச்சா சொல்லும்மா. நிறுத்திடுவேன்."

அம்மா சொல்லவில்லை.

"வலிக்குதா?"

பதில் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில், முடி எல்லாம் தோளில் விரிந்து கிடக்க, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. தோளில் பை, முகம் நிறையத் தூசி. அப்பா! "எங்கே என்..." என்று வழக்கம்போலக் குரல் கொடுக்க ஆரம்பித்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். நுனிக்காலில் நடந்து வந்து, பொடிசின் நெற்றிச் சுருளை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டார்.

சுருள் துள்ளி மேலே போனது. பொடிசு ஊரே கேட்கக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் காதருகில் போய் ரகசியமாகச் சொன்னாள்:

"டொய்ங்."